தரவுத்தளச் சேவையின் தொடக்கமும் நிறுத்தமும்: ஒரு சமூகவியல் விளக்கம்

1

மனிதர் தமது நினைவைப் புறப்பொருள்களில் ஏற்றிவைக்கக் கற்றுக்கொண்ட வரலாறு, எழுத்தின் வரலாறாகவும் கணக்கின் வரலாறாகவும் ஒருங்கே அமைந்ததாகும். மெசொப்பொத்தேமியாவில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளுட் பெரும்பாலானவை தானியம், கால்நடை, பங்கீடு ஆகியன பற்றிய கணக்குகளாகவே உள்ளன. காவியம் எழுதப்படுவதற்கு முன்னர் களஞ்சியம் எழுதப்பட்டது என்னும் இவ்வுண்மை, இலக்கிய மாணவர் அடிக்கடி மறந்துவிடும் உண்மைகளுள் ஒன்று. இன்று அக்களஞ்சியத்தின் இடத்தைத் தரவுத்தளம் பெற்றுள்ளது. நூலகப் பட்டியல், மாணவர் பதிவு, வைத்தியசாலைக் குறிப்பு, சொல்லகராதித் தொகுப்பு ஆகிய யாவும் சேவையகம் எனப்படும் கணினியில் இடையறாது இயங்கும் ஒரு மென்பொருளின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன.

இம்மென்பொருளை எவ்வாறு தொடக்குவது, எவ்வாறு நிறுத்துவது என்னும் வினா முதல் நோக்கிற் பொத்தான் அழுத்துவது பற்றிய அற்ப வினாவாகத் தோன்றலாம். ஆயின், ஒரு நிறுவனத்தின் நினைவு நம்பகமாக இருப்பதா சிதைவதா என்பது பெரும்பாலும் இவ்விரு கணங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இவ்விடயத்திற் கற்றோரிடையே இரு மனப்பாங்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இதனைத் தொழினுட்பவியலாளரின் மந்திரமாகக் கருதி ஒதுங்கிக்கொள்கின்றனர். மறு சாரார் இதனைச் சிந்தனைக்குப் புறம்பான கைவேலையாகக் கருதி இகழ்கின்றனர். இரண்டும் மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைத்த ஒரே சமூக அமைப்பின் விளைவுகளாகும். எனவே, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விடயத்தை அதன் அடிப்படையிலிருந்து விளக்க முற்படுவது பயனுடையதாகும்.

2

1970ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளரான எட்கார் கொட், தரவுகளை அட்டவணை வடிவான உறவுகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அக்கோட்பாட்டைப் பின்பற்றிக் கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வொங் ஆகியோர் இன்கிரெஸ் என்னும் முறைமையை உருவாக்கினர். அதன் வழித்தோன்றலாக 1986ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் போஸ்ட்கிரெஸ் ஆய்வுத்திட்டம் தொடங்கிற்று. அத்திட்டத்திற்கு அமெரிக்கப் பாதுகாப்புத்துறை ஆய்வு முகவரகமும் தேசிய விஞ்ஞான மன்றமும் நிதியளித்தன. பொதுப் பணத்தாலும் போர்த்துறைப் பணத்தாலும் பிறந்த ஒரு கருவி, 1996ஆம் ஆண்டில் இன்றைய பெயரைப் பெற்றபின், பல நாட்டுத் தொண்டர்களின் கூட்டுழைப்பால் யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பொதுச்சொத்தாக வளர்ந்தது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி, அவற்றைத் தோற்றுவித்தோரின் நோக்கங்களை மீறிச் செல்லக்கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3

தொடக்கத்தையும் நிறுத்தத்தையும் விளங்கிக்கொள்வதற்கு, தரவுத்தளத்தின் உள்ளே நிலவும் ஓர் அடிப்படை முரண்பாட்டை மனங்கொள்ளல் வேண்டும். கணினியின் நினைவகம் விரைவானது. ஆயின் மின்சாரம் அற்ற கணமே அதிலுள்ள யாவும் அழிந்துபோகும். வட்டு நிலையானது, ஆயின் ஒப்பீட்டளவில் மெதுவானது. விரைவும் நிலைபேறும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. தரவுத்தளம் நினைவகத்தை மட்டும் நம்பினாற் பாதுகாப்பில்லை. ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் வட்டில் அதற்குரிய இடத்தைத் தேடி எழுதினால் வேலை நகராது.

இம்முரண்பாட்டிற்குக் கண்ட தீர்வு நமது கூட்டுறவுச் சங்கக் கடையிற் பழகிய ஒன்றேயாகும். கடையின் முகாமையாளர் ஒவ்வொரு விற்பனையையும் உடனுக்குடன் பேரேட்டில் உரிய பக்கத்தைப் புரட்டி எழுதுவதில்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் நாளேட்டிற் குறித்துவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது பேரேட்டிற்கு மாற்றுகின்றார். போஸ்ட்கிரெஸும் அவ்வாறே செய்கின்றது. ஒரு மாற்றம் உறுதிசெய்யப்பட்டது எனப் பயனருக்கு அறிவிப்பதற்கு முன்னர், அம்மாற்றம் பற்றிய குறிப்பை வட்டிலுள்ள நாளேட்டில் எழுதிவிடுகின்றது. தரவுக் கோப்புகளாகிய பேரேட்டில் அது பின்னரே எழுதப்படும். நாளேட்டையும் பேரேட்டையும் காலத்துக்குக் காலம் சரிக்கட்டும் வேலையும் உண்டு. தொழினுட்பவியலாளர் இதனைச் செக்பொயின்ற் என்பர். நாம் இதனைச் சரிக்கட்டற்புள்ளி எனலாம். மாற்றமெதுவும் செய்யாதவிடத்து, போஸ்ட்கிரெஸ் 5 நிமிடத்திற்கு ஒரு முறையோ, நாளேடு குறித்த அளவுக்குப் பெருகும்போது அதற்கு முன்னரோ இதனைச் செய்யும்.

நாளேட்டை முதலில் எழுதுதல் என்னும் இம்முறையின் கோட்பாட்டு வளர்ச்சியில் தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்ற சி. மோகன் என்பாருக்குச் சிறப்பிடமுண்டு. அவர் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் ஏனையோருடன் சேர்ந்து உருவாக்கி 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏரிஸ் என்னும் மீட்புமுறை, பல வணிகத் தரவுத்தளங்களின் அடித்தளமாயிற்று. ஏரிஸ், விழுந்த தரவுத்தளத்தை மீட்கும்போது நடந்தவற்றை மீளச்செய்து, முடிவுறாதவற்றைப் பின்னர் நீக்குகின்றது. போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்ட ஒவ்வொரு பதிவின் பழைய வடிவத்தையும் சில காலம் வைத்திருப்பதால், மீளச்செய்தல் மட்டுமே அதற்குப் போதுமாகின்றது.

4

இனித் தொடக்கத்தை நோக்குவோம். தொடக்கக் கட்டளை கிடைத்ததும் ஒரு தலைமைச் செயன்முறை உருவாகின்றது. அது கணினியின் சர்வ அதிகாரமுடைய பயனராக இயங்க மறுத்துவிடும். அதிகாரம் குறைந்த தனிப் பயனரின் பெயரிலேயே இயங்கும். ஒரு தவறோ ஊடுருவலோ நேரின் முழுக் கணினியும் பறிபோகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. பின்னர் அமைப்புக் கோப்பை வாசித்து, தரவு இருக்கும் கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பை இடுகின்றது. அதே தரவின்மீது இன்னொரு தலைமைச் செயன்முறை எழுந்துவிடக்கூடாது என்பதே இப்பூட்டின் பொருள். ஒரே பேரேட்டில் இரு கணக்கர் ஒருவரையொருவர் அறியாது எழுதுவதனால் வரும் கேட்டை விளக்கவேண்டியதில்லை. தொடக்கம் தடைப்படும்போது பூட்டுக் கோப்பை அவசரப்பட்டுக் கையால் அழிப்போர், பழைய செயன்முறைகள் யாவும் ஓய்ந்துவிட்டனவா என முதலில் ஆராய்தல் வேண்டும்.

அடுத்து, கட்டுப்பாட்டுக் கோப்பு வாசிக்கப்படுகின்றது. முன்னைய நிறுத்தம் ஒழுங்காக நிகழ்ந்ததா என்பது அதிற் குறிக்கப்பட்டிருக்கும். ஒழுங்காக நிகழ்ந்திருப்பின் சேவை உடனே தயாராகும். இயங்கிக்கொண்டிருந்தபடியே விழுந்தது எனக் குறிப்பு இருப்பின், இறுதிச் சரிக்கட்டற்புள்ளி காட்டும் இடத்திலிருந்து நாளேட்டை மீளப் படித்து, பேரேட்டில் ஏறாதவற்றை ஏற்றும். இதற்குச் சில விநாடிகளும் ஆகலாம். பல நிமிடங்களும் ஆகலாம். அவ்வேளையில் இணைய முயல்வோருக்குத் தரவுத்தளம் தொடங்கிக்கொண்டிருக்கின்றது என்ற மறுமொழியே கிடைக்கும். அனுபவமற்றோர் இதனைப் பழுது எனக் கருதி மீண்டும் நிறுத்துவர். நோயாளி எழுந்திருக்க முயலும் ஒவ்வொரு முறையும் அவரைக் கீழே தள்ளுவதற்கு ஒப்பானது அச்செயல்.

தொடக்கத்தில் ஒழுங்குமுறையும் முக்கியமானது. தரவு தனி வட்டில் இருப்பின், அவ்வட்டு முதலிற் பொருத்தப்படல் வேண்டும். வட்டு பொருத்தப்படாதவிடத்து, அதற்குரிய கோப்புறை வெறுமையாகக் காட்சியளிக்கும். தரவில்லை எனக் கண்டு புதிய வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கும் தொடக்க நிரல் ஒன்று அங்கே அமைக்கப்பட்டிருப்பின், மெதுவாக வந்துசேரும் வட்டு அதன்மேற் பொருத்தப்படும்போது பெருங்குழப்பம் விளையும். எனவே வட்டு, வலையமைப்பு, தரவுத்தளம், அதனைப் பயன்படுத்தும் செயலி என்ற வரிசையில் தொடக்கமும், செயலி முதலாக எதிர்வரிசையில் நிறுத்தமும் அமைதல் வேண்டும்.

5

நிறுத்தத்தில் போஸ்ட்கிரெஸ் மூன்று முறைகளை வழங்குகின்றது. சங்கக் கடையைப் பூட்டுதல் என்னும் உவமையை இங்கும் தொடரலாம்.

முதலாவது முறை, ஸ்மார்ட் எனப்படுவது. வாயிலில் புதியவர் எவரையும் உள்ளே விடாது, உள்ளே உள்ளோர் தாமாக வெளியேறும்வரை காத்திருப்பது இது. கேட்பதற்கு நாகரிகமானதாயினும் நடைமுறையில் இடர் மிக்கது. இன்றைய செயலிகள் வேலையிருப்பினும் இல்லாவிடினும் இணைப்புகளைத் திறந்தபடியே வைத்திருக்கும் இயல்பின. உள்ளே நிற்பவர் எதுவும் வாங்காமலும் வெளியேறாமலும் நிற்கும்போது கடை பூட்டப்படவும் மாட்டாது, புதியவர்க்குத் திறந்திருக்கவும் மாட்டாது.

இரண்டாவது முறை ஃபாஸ்ட் எனப்படுவது. உள்ளே உள்ளோரை வெளியேறுமாறு பணித்து, முடிவுறாத கொடுக்கல்வாங்கல்களை நடைபெறாதவையாகக் கொண்டு, இறுதிச் சரிக்கட்டலையும் செய்து, கணக்கு ஒப்புக்கு வந்தபின் பூட்டுவது இது. உறுதிசெய்யப்பட்டவை யாவும் நிலைக்கும், அரைகுறையானவை எஞ்சமாட்டா. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த 9.5ஆம் பதிப்பு முதலாக, முறை எதுவெனக் கூறாது நிறுத்தக் கட்டளையிடின் இதுவே பின்பற்றப்படுகின்றது. அதற்கு முன்னர் முதலாவது முறையே இயல்பாக இருந்தது. நடைமுறை, கோட்பாட்டைத் திருத்திய ஒரு சிறு எடுத்துக்காட்டு இது.

மூன்றாவது முறை இமீடியற் எனப்படுவது. சரிக்கட்டல் இன்றி யாவரையும் உடனே வெளியேற்றிக் கதவை அடைப்பது இது. 5 விநாடிக்குள் ஓயாத துணைச் செயன்முறைகள் வலிந்து கொல்லப்படும். நாளேடு வட்டில் இருப்பதால் உறுதிசெய்யப்பட்ட தரவு இழக்கப்படுவதில்லை. ஆயின் அடுத்த தொடக்கத்தில் மீட்பு வேலை காத்திருக்கும். நெருக்கடிக்கே உரிய வழி இது.

இம்மூன்றிற்கும் அப்பால், இயக்குதளத்தின் கொல்லும் சமிக்ஞையைத் தலைமைச் செயன்முறைக்கு நேரே அனுப்பும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அச்சமிக்ஞையைப் பெறும் செயன்முறைக்குத் தன் துணைவர்க்கு ஒரு வார்த்தை சொல்லவும் வாய்ப்பில்லை. பகிர்ந்த நினைவகம் விடுவிக்கப்படாது கிடக்கும். இதனைத் தவிர்க்குமாறு மென்பொருளின் ஆவணங்களே எச்சரிக்கின்றன.

திட்டமிட்ட நிறுத்தமாயின், சற்று முன்னரே சரிக்கட்டலைக் கட்டளையிட்டுச் செய்வித்தல் நல்ல பழக்கமாகும். எழுத வேண்டியவற்றுட் பெரும்பகுதி அப்போதே எழுதப்பட்டுவிடுமாதலால், சேவை இல்லாதிருக்கும் நேரம் குறுகும்.

6

இன்றைய லினக்ஸ் சேவையகங்களிற் பெரும்பாலானவற்றில், சேவைகளைத் தொடக்கி நிறுத்தும் பொறுப்பு 2010ஆம் ஆண்டில் அறிமுகமான சிஸ்ரம்டி என்னும் மேலாளிடம் உள்ளது. அது நேரக்கணக்கில் கண்டிப்பானது. வேறு கட்டளை இல்லாவிடின், ஒரு சேவை தயாராகவோ ஓயவோ 90 விநாடி வரையே பொறுத்திருக்கும். பின்னர் வலிந்து முடித்துவிடும். சிறிய சேவைகளுக்கு இது போதுமானது. ஆயின் பெரிய தரவுத்தளம் ஒன்று மீட்பு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது 90 விநாடியில் அது கொல்லப்படுமாயின், அடுத்த தொடக்கத்திலும் மீட்பு தேவைப்படும், மீண்டும் கொல்லப்படும். ஒழுங்கைக் காக்க ஏற்பட்ட நிருவாகமே ஒழுங்கின்மையின் ஊற்றாகிவிடும். இதனாலேயே போஸ்ட்கிரெஸின் ஆவணங்கள் தரவுத்தளத்திற்குரிய இக்கால எல்லையை நீக்கிவிடுமாறு பரிந்துரைக்கின்றன. வேலையின் இயல்பை அறியாது வேலைக்கு நேரம் விதிக்கும் முகாமைத்துவத்தின் குறைபாட்டை நாம் வேறு தொழிற்றலங்களிலும் கண்டுள்ளோம்.

7

இலங்கையைப் பொறுத்தவரையில் இவ்விடயம் ஏட்டளவில் நிற்பதன்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. எரிபொருள் தட்டுப்பாட்டினால் மின்பிறப்பாக்கிகளையும் நம்பமுடியாதிருந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட தடங்கலால் நாடு முழுவதும் மின்சாரத்தை இழந்தது. இத்தகைய சூழலில், மின்கல ஆதரவு சேவையகத்தைத் தாங்கும் அந்தச் சில நிமிடங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே உண்மையான வினா. மின்கலத்தின் இருப்புக் குறையும்போது, முதலிற் செயலியையும் பின்னர் தரவுத்தளத்தையும் ஃபாஸ்ட் முறையில் நிறுத்தி, இறுதியிற் கணினியை அணைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதிவைத்தல் வேண்டும். மின்கலம் முற்றாகத் தீர்ந்தபின் நிகழ்வதும் ஒரு நிறுத்தமே. ஆயின் அதனை நாம் நிகழ்த்துவதில்லை, அது நமக்கு நிகழ்கின்றது.

நாளேடு இருக்கின்றதே என அமைதிகொள்வதற்கும் எல்லையுண்டு. வட்டில் எழுதியாயிற்று என வட்டு சொல்வதை மென்பொருள் நம்புகின்றது. சில மலிவான வட்டுகள் தமது தற்காலிக நினைவில் வைத்துக்கொண்டே எழுதியாயிற்று எனக் கூறிவிடும். அத்தகைய வட்டில் மின்சாரம் திடீரென அறும்போது நாளேடே குறைபட்டுப்போகலாம். ஆகவே, எத்துணைச் சிறந்த நிறுத்தமும் வேறிடத்தில் வைக்கப்படும் பிரதிக்கு ஈடாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்த ஒரு சமூகத்திற்கு, ஒரே இடத்தில் வைக்கப்பட்ட ஒரே பிரதி என்பதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டிற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளின் பெறுமதி, அவற்றிலுள்ள பக்கங்களின் எண்ணிக்கையில் மட்டுமன்றி, அவற்றைத் தாங்கும் சேவையகங்களின் அன்றாடப் பராமரிப்பிலும் தங்கியுள்ளது.

8

இறுதியாக, இவ்வியக்கத்தின் பின்னாலுள்ள உழைப்பை நோக்குதல் வேண்டும். மூலதனம் நூலின் முதலாந் தொகுதியில் (1867) வேலைநாள் பற்றி ஆராயும் மார்க்ஸ், உலைகளை இரவில் அணைப்பின் எரிபொருள் நட்டம் நேரும் எனக் கூறி இரவு வேலையை நியாயப்படுத்திய உருக்காலை உரிமையாளரின் வாதத்தை எடுத்துக்காட்டுகின்றார். உலை அணையக்கூடாது, ஆகவே தொழிலாளி உறங்கக்கூடாது. இன்று சேவை ஒரு கணமும் நிற்கக்கூடாது என்னும் கோரிக்கை அதே தருக்கத்தைத் தொடர்கின்றது. பராமரிப்புக்கான நிறுத்தம் பயனர் உறங்கும் நள்ளிரவிற்கு ஒதுக்கப்படுகின்றது. அதனைச் செய்பவர் விழித்திருக்கின்றார். வைத்தியசாலைத் தரவுத்தளம் இரவிலும் இயங்கவேண்டியது சமூகத் தேவை. ஆயின் எல்லாச் சேவைகளும் அத்தகையன அல்ல. எதற்கு நிறுத்தம் கூடாது, எதனைப் பகலில் முன்னறிவித்து நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பது தொழினுட்பத்தின் விதியன்று, சமூகத்தின் தெரிவாகும்.

நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதும் இதனோடிணைந்த வினா. பொதுச்சொத்தான போஸ்ட்கிரெஸைப் பெருநிறுவனங்கள் வாடகைச் சேவையாக விற்கின்றன. அமேசன் நிறுவனத்தின் ஆர்.டி.எஸ். சேவையில் வாடிக்கையாளர் தமது தரவுத்தளத்தை நிறுத்திவைக்கலாம். எனினும் சேமிப்பிடத்திற்கான கட்டணம் நிற்பதில்லை. 7 நாள்களின் பின் அது தானாகவே மீண்டும் தொடக்கப்படும். பராமரிப்பு மேம்படுத்தல்கள் தவறக்கூடாது என்பது அதற்குக் கூறப்படும் காரணம். காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆயின், சாவி ஒருவரிடமும் பெயர்ப்பலகை இன்னொருவரிடமும் உள்ள கடையாக அது அமைந்துவிடுகின்றது. சேவையகத்தைத் தாமே பேணும் வசதியற்ற சிறு நிறுவனங்கள் வாடகையை நாடுவதைக் குறைகூற இயலாது. எனினும் தாம் எதனை இழந்து எதனைப் பெறுகின்றோம் என்னும் அறிவோடு அது நிகழ்தல் வேண்டும்.

இன்னோர் ஏகபோகம் நமக்கு மிக அருகிலேயே உள்ளது. பல நிறுவனங்களில் தரவுத்தளத்தைத் தொடக்கவும் நிறுத்தவும் அறிந்தவர் ஒருவரே. அவர் விடுமுறையிற் சென்றாலோ நாட்டைவிட்டுச் சென்றாலோ, அறிவும் அவரோடு சென்றுவிடுகின்றது. 2022இன் பின் பயிற்சிபெற்றோர் பெருமளவில் வெளியேறிய நம் நாட்டில் இது கற்பனை அச்சமன்று. இதற்கான பரிகாரம் எளியது: தொடக்கத்தின் வரிசை, நிறுத்தத்தின் முறை, மீட்பு நிகழும்போது பொறுத்திருக்க வேண்டிய காரணம், பூட்டுக் கோப்பைத் தொடுமுன் ஆராயவேண்டியவை, பிரதிகள் இருக்கும் இடம் ஆகியவற்றைத் தெளிந்த தமிழில் ஓரிரு பக்கங்களில் எழுதிவைத்தல், ஒருவருக்கு மேற்பட்டோர் அதனைச் செய்து பழகுதல், ஆண்டில் ஓரிரு முறையேனும் பிரதியிலிருந்து தரவுத்தளத்தை எழுப்பிப் பார்த்தல். தமிழில் எழுதுதல் என்பது இங்கு மொழிப்பற்றின் பாற்பட்டது மட்டுமன்று. நள்ளிரவில், மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும்போது, ஒருவர் தயங்காது வாசிக்கக்கூடிய மொழி அவரது மொழியே.

அறிவு சமூகமயப்படுத்தப்படும்போதே கருவியும் சமூகத்தினுடையதாகின்றது. நமது பல்கலைக்கழகங்களில் தமிழ்த்துறைகள் சொற்றொகுதிகளையும் சுவடிப் பட்டியல்களையும் கணினியில் ஏற்றும் இக்காலத்தில், அவற்றை எழுப்பவும் உறங்கவைக்கவும் அறிந்திருத்தல் ஆய்வாளரின் கல்வியில் ஒரு பகுதியாதல் வேண்டும். பழைய ஏட்டைப் பூச்சியரிக்காது பேணுவது எப்படி என்பதை உ.வே. சாமிநாதையரின் தலைமுறை அறிந்திருந்தது. நம் தலைமுறையின் ஏடு மின்சாரத்தில் வாழ்கின்றது. அதனைப் பேணும் முறையைக் கற்கும் கடமை நம்முடையது.